ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) போடாமல் வேலை தருவீர்களா?

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் பட்டதாரிக்கு வேலை என்றால் அது அரசாங்க வேலைதான். மற்றதெல்லாம் "சும்மா இருக்கிறதுக்கு ஒரு இடத்த போய் வாறது" என்ற கணக்கில் சேரும். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மனிதவள முகாமைத்துவம் படிக்கும்போதே இது எனக்குத் தெரியும். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தெரிந்த முகங்கள் தட்டுப்படும். கை காட்டுவதா, காணாத மாதிரிப் போவதா என்று ஒரு தடுமாற்றம்.

மனிதவளம் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கியல் படித்தவர் ஒரு ஹார்ட்வெயார் கடையிலாவது உட்கார்ந்து கணக்கெழுதலாம். மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்க வேண்டுமானால் இடம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். வங்கி, காப்புறுதிக் கம்பனிகளின் கிளைகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் மனிதவளப் பிரிவு இருப்பது கொழும்பில். சுனாமிக்குப் பிறகு ஊர் நிறைய இருந்த தொண்டு நிறுவனங்களில் பாதிக்கு மேல் நாங்கள் படித்து முடிப்பதற்குள் மூட்டை கட்டிவிட்டன. மிஞ்சியது பாசிக்குடா ஹோட்டல்களும் ஆடைத் தொழிற்சாலைகளும்தான்.

எனக்குக் கிடைத்தது ஓர் ஆடைத் தொழிற்சாலை. பதவியின் பெயரில் மனிதவளம் என்ற சொல்லே இல்லை. வரவுப் பதிவும் சம்பள உதவியும் பார்க்கும் எழுதுவினைஞர், அவ்வளவுதான். நேர்முகப் பரீட்சையில் முகாமையாளர் என் சுயவிவரக்கோவையைப் புரட்டக்கூட இல்லை. "தொடர்ந்து மூணு நாளா ஒரு பிள்ள வேலைக்கு வரல்ல. என்ன செய்வீங்க?" என்றார். எச்சரிக்கைக் கடிதம், விளக்கம் கோரல், ஒழுக்காற்று நடவடிக்கை என்று படித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடிதம் வாகரைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பிள்ள வேற இடத்தில சேர்ந்திரும். முதல்ல கோல் எடுங்க" என்றார். வேலையைத் தந்தார் என்பது வேறு விடயம். சிங்களத்தில் அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நான் உடைந்த சிங்களத்தில் என்றாலும் பதில் சொன்னேன். அதற்காகத்தான் எடுத்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். தொழிலாளிகள் பேசுவது தமிழ், தலைமை அலுவலகம் தொலைபேசியில் பேசுவது சிங்களம், மின்னஞ்சல் ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு வேலை பழக்கியவர் அங்கே பல வருடம் இருந்த ஓர் அக்கா. உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். முதல் நாளே அடையாள அட்டைப் பிரதிகளை ஒரு கட்டாகத் தூக்கி முன்னால் வைத்து, "வயசச் சொல்லுங்க பாப்பம்" என்றார். பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது; பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்று கணக்கு. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 95 இல் தொடங்கி 561 என்று போனால் 1995 மார்ச் 1 இல் பிறந்த பெண். 2016 க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும். மற்றது அதே கணக்கு. அக்காவின் கண் இலக்கத்தில் பட்ட கையோடு எதிரே நிற்கும் முகத்துக்குப் போகும். தமக்கையின் அட்டையோடு வரும் பதினாறு வயதுப் பிள்ளைகளை அவர் பிடித்தது அப்படித்தான். திட்டமாட்டார். "மறுகா ரெண்டு வருசத்தால வாங்க மகள்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். நான்கு வருடப் பட்டப்படிப்பில் ஆட்சேர்ப்பு பற்றி ஒரு பாடமே படித்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு சட்டம் ஓடுகிறது என்பதும் அங்கே போய்த்தான் உறைத்தது. அலுவலகத்தில் இருக்கும் எங்களுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். உள்ளே மெஷினில் இருப்பவர்களுக்கு 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். லீவுக் கணக்கு, மேலதிக நேரக் கணக்கு எல்லாம் அதற்கேற்ப மாறும். இதுவாவது புத்தகத்தில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது ஊரின் கலண்டர். மாசியில் பெரும்போக அறுவடை நேரம், வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் வெள்ளாவெளிப் பக்க ரோட்டில் தண்ணீர் ஏறும். மண்டூரில் இருந்து வருபவர்கள் குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் படகுப் பாதையை நம்பியிருக்கிறார்கள். கொழும்பில் இருந்து "ஏன் வரவு விழுந்திருக்கிறது?" என்று மின்னஞ்சல் வரும். கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு என்பதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சரி, தலைப்பில் உள்ள விடயத்துக்கு வருகிறேன். ஈ.பி.எப். என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறோம், கம்பனி 12 வீதம் போடுகிறது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி 3 வீதம். மெஷினில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது கலியாணக் காசு. பெண்கள் கலியாணத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டால், 50 வயது வரை காத்திராமல் அந்தப் பணத்தை எடுக்கலாம். அதற்காகவே விலகியவர்களை எனக்குத் தெரியும். எடுத்த காசில் கூரை போட்டுவிட்டுச் சில மாதங்களில் திரும்பி வந்து புதிதாகச் சேர்ந்தவர்களையும் தெரியும்.

பட்டதாரிகளுக்கோ அதே ஈ.பி.எப். இலக்கம் ஒரு கறை. 2020 இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுக்கும் அரசாங்கத் திட்டம் வந்தபோது, ஈ.பி.எப். பதிவு இருந்த பலரின் பெயர் பட்டியலில் விடுபட்டது. ஏற்கனவே வேலை செய்கிறவர் வேலையற்ற பட்டதாரி அல்ல என்பது அதற்கான நியாயம். எங்கோ ஒரு கடையில் சில மாதம் நின்றவரும் அதில் மாட்டிக்கொண்டார். அம்மாவின் நச்சரிப்புக்காக நானும் விண்ணப்பித்திருந்தேன், என் பெயரும் இல்லை. அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு உண்மையில் நிம்மதிதான், ஆனால் அதை வீட்டில் சொல்ல முடியுமா?

அதற்குப் பிறகு பட்டதாரிகள் நேர்முகத்துக்கு வந்தால் கடைசியில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். ஒருநாள் வந்த பிள்ளை நல்ல கெட்டிக்காரி. எக்செல் தெரியும், பயமில்லாமல் பேசுவாள். எழும்பிப் போகும்போது கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி, "மிஸ், ஒண்டு கேக்கட்டா? ஈ.பி.எப். போடாமத் தரேலாதா?" என்றாள். ஏலாது என்றேன். நிரந்தரம், தற்காலிகம் என்ற வித்தியாசம் அந்தச் சட்டத்துக்கு இல்லை, முதல் நாளில் இருந்தே பிடிக்க வேண்டும். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவளும் இதே பாடம் படித்தவள்தானே. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வீட்ட கேட்டுட்டுச் சொல்றன் மிஸ்" என்று போனவள் பிறகு கோல் எடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வூதியம், கலியாணப் பேச்சில் கிடைக்கும் மதிப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் பிரதேச செயலகம் என்று அரசாங்கம் தருவதையெல்லாம் ஒரு தனியார் கம்பனி எப்படி ஈடுகட்டும்? ஆனால் வராத ஒரு பட்டியலுக்காக இருபத்தைந்து வயதில் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லும் ஏற்பாட்டை ஏற்கவும் முடியவில்லை.

இப்போது வந்தாறுமூலையில் இருந்தும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்தும் தம்பி, தங்கைகள் கேட்கிறார்கள், மனிதவளத்தில் முதல் வேலையை எப்படி எடுப்பது என்று. பதவிப் பெயரைப் பார்க்காதே. வரவு, சம்பளம், சேமலாப நிதிப் படிவம் எங்கே கையில் கிடைக்குமோ அங்கே போ என்பேன். அதற்கு ஆயிரம் மறுப்புச் சொல்வார்கள்: அம்மா விடமாட்டா, தூரம், சம்பளம் காணாது, அரசாங்கத்தில் இந்த முறை கட்டாயம் எடுப்பார்களாம். சிங்களத்தை இன்றைக்கே தொடங்கு என்று சொன்னால் மட்டும் எல்லோரும் உடனே சரி அக்கா என்கிறார்கள். தொடங்கியவர்களைத்தான் இன்னும் காணவில்லை.