வாசல்ல கழட்டி விடுற செருப்பும் சிட்னி எட்டுக்கால் பூச்சியும்

சிட்னிக்கு வந்த புதுசுல ஆறு மாசம் அபார்ட்மென்ட்ல இருந்தோம், அங்க ஒரு எறும்பு கூட கண்ணுல படல. அப்புறம் ஹார்ன்ஸ்பி பக்கம் ஒரு தனி வீடு வாடகைக்கு கிடைச்சுது, பின் வேலிய தாண்டினா நேரா காடு, பையன் ஓடி விளையாட இடம் இருக்கேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். சாமான் இறக்கின அன்னைக்கே பக்கத்து வீட்டு அம்மா வந்து, வாசப்படில கிடந்த எங்க செருப்பு ஷூ எல்லாத்தையும் பார்த்துட்டு, இத ராத்திரில வெளிய விடாதீங்க, விட்டா காலைல நல்லா தட்டிட்டு போடுங்கன்னு சொன்னாங்க. செருப்ப வாசல்ல கழட்டி விடுறது நமக்கு நடக்கப் பழகின நாள்ல இருந்து வர்ற பழக்கம், அதுல ஆபத்து இருக்கும்னு எனக்கு அது வரைக்கும் தோணினதே இல்ல.

அவங்க சொன்னது ஃபனல் வெப்ங்கிற விஷ எட்டுக்கால் பூச்சி பத்தி. கருப்பா பளபளன்னு இருக்கும், மண்ணுல குழி பறிச்சு அதோட வாய்ல புனல் மாதிரி வலை கட்டும். பெண் பூச்சி பெரும்பாலும் குழிக்குள்ளயேதான் இருக்கும், ஆண்தான் வெயில் மாசங்கள்ல, அதுவும் மழை பெஞ்ச ராத்திரில, ஜோடி தேடி அலையும், விடியறப்போ ஈரமா இருட்டா ஒரு இடம் பார்த்து பதுங்கிக்கும், அது ஷூவா இருக்கலாம், தரைல போட்ட டவலா இருக்கலாம், பசங்க கழட்டி எறிஞ்ச யூனிஃபார்மா இருக்கலாம். ஆணோட விஷம்தான் ரொம்ப கடுமை. நீச்சல் குளத்துல அசையாம கிடந்தா செத்துருச்சுன்னு நம்பி கையால எடுத்துடாதீங்க, உடம்பு முடில காத்துக் குமிழிய பிடிச்சு வச்சுகிட்டு மணிக்கணக்கா தண்ணிக்குள்ள உயிரோட இருக்கும். நாய் பூனைய இந்த விஷம் அவ்ளோவா ஒண்ணும் பண்ணாது, மனுஷனையும் குரங்கையும்தான் இப்படி பாதிக்குது, இத முதல்ல கேட்டப்போ என்னால நம்பவே முடியல.

ஆனா இதக் கேட்டு வீட்ட காலி பண்ண வேண்டாம். மெல்பர்ன்ல ஸ்ட்ரூவன் சதர்லண்ட்ங்கிற டாக்டரோட குழு இதுக்கு விஷமுறிவு மருந்து கண்டுபிடிச்சாங்க, 1981ல இருந்து ஆஸ்பத்திரில அது இருக்கு. அதுக்கு முன்னாடி 13 சாவு பதிவாகியிருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணு கூட இல்ல. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்த சிட்னிக்கு வடக்க இருக்குற ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்ல பூச்சிய வளர்த்து எடுக்குறாங்க, ஜனங்க பாட்டில்ல பத்திரமா பிடிச்சுக் கொடுக்குற பூச்சியும் அதுக்கு போகுது. மருந்து இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி போற வரைக்கும் விஷம் பரவாம பார்த்துக்கறது நம்ம கைலதான். அதனால நானும் அவரும் உக்காந்து பேண்டேஜ் சுத்தப் பழகினோம், எனக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.

மார்ச் மாசம் அம்மா வந்திருந்தாங்க. பின்பக்கம் காலியா அடுக்கி வச்சிருந்த பூந்தொட்டிய தூக்குனப்போ விரல்ல சுருக்குன்னுச்சுன்னு வந்தாங்க, எறும்பு கடி மாதிரிதான்டி, ஒண்ணுமில்லன்னாங்க. தொட்டிய திருப்பிப் பார்த்தா அடில பட்டாணி அளவுக்கு உருண்டையா ஒரு கருப்பு பூச்சி, முதுகுல சிவப்பு கோடு. எனக்கு கை கால் ஓடல, நான் பழகி வச்சிருந்தது ஒண்ணே ஒண்ணு, விரல்ல இருந்து தோள் வரைக்கும் இறுக்கி பேண்டேஜ் சுத்திட்டேன். அரை மணி நேரத்துல அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க லேசுல அழற ஆள் இல்ல, வலி விரல்ல இருந்து அக்குள் வரைக்கும் ஏறுதுங்கறாங்க, அந்த ஒரு கை மட்டும் வேர்த்து கொட்டுது.

13 11 26க்கு போன் பண்ணேன், விஷம் சம்பந்தமான எதுக்கும் எந்த நேரமும் கூப்பிடலாம். பூச்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க, சொன்னேன், உடனே பேண்டேஜ அவுத்துடுங்க, அது ரெட்பேக்ங்கிற வேற எட்டுக்கால் பூச்சி, அதுக்கு கட்டே போடக் கூடாதுன்னு சொன்னாங்க. அதோட விஷம் மெதுவாத்தான் நகரும், இறுக்கிக் கட்டினா வலிதான் அதிகமாகும், துணில சுத்தின ஐஸ் பேக்க கால் மணி நேரம் வைக்கணும், எடுத்து எடுத்து வைக்கணும். வலி தாங்கலன்னாலோ, வாந்தி வந்தாலோ, உடம்பு முழுக்க வேர்த்தாலோ ஆஸ்பத்திரி. கடிபட்டது குழந்தைன்னா யோசிக்கவே வேண்டாம், கூட்டிட்டுப் போயிடணும். அம்மாவுக்கு வலி மாத்திரையிலயே அடங்கிச்சு, முழுசா போக மூணு நாள் ஆச்சு. நான் கட்டி வச்ச அந்த அரை மணி நேரத்த நினைச்சா எனக்கு இன்னும் மனசு கேக்கல.

அதனாலதான் இத எழுதறேன். கட்டு போடறது பெருசா கருப்பா இருக்குற பூச்சிக்கு, அதாவது ஃபனல் வெப்புக்கும், பார்க்க அத மாதிரியே இருக்குற மவுஸ் ஸ்பைடருக்கும். எதுன்னு சந்தேகம்னாலும் பெருசா கருப்பா இருந்தா ஃபனல் வெப்னே நினைச்சு கட்டிடுங்க. முதல்ல ஆம்புலன்ஸுக்கு 000ல கூப்பிடுங்க, கடிபட்டவங்கள அசையாம படுக்க வைங்க, நடக்க விடாதீங்க. கால்ல கடிச்சா விரல்ல ஆரம்பிச்சு தொடை வரைக்கும், சுளுக்குக்கு கட்டுற இறுக்கத்துல அகலமான பேண்டேஜ், அதுக்கு மேல ஒரு கட்டைய வச்சு கட்டி கால மடக்க முடியாம பண்ணணும். நம்ம ஆளுங்க கடிவாய்க்கு மேல கயிறு போட்டு இறுக்குவாங்க பாருங்க, அம்மாவும் அன்னைக்கு அதத்தான் கேட்டாங்க, அது ரத்த ஓட்டத்தையே நிறுத்தி கைய கால கெடுத்துடும். விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாத்தான் போகுது, தசை அசைய அசைய அது மேல ஏறும், அகலமா சுத்தி அசைக்காம வச்சா அந்த ஓட்டம் குறையும், ரத்தம் பாட்டுக்கு ஓடும். கீறறது, உறிஞ்சறது எல்லாம் கூடவே கூடாது. உதட்ட சுத்தி மரமரப்பு, நாக்கு துடிக்கறது, எச்சில் கண்ணீர் ஊத்தறது, இதெல்லாம் சீக்கிரமே வந்துடும், வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

மத்ததுக்கு இவ்ளோ பயம் வேண்டாம். சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு உக்காந்திருக்குற ஹன்ட்ஸ்மேன் பார்க்கத்தான் பயங்கரம், கடிச்சாலும் வலியோட போயிடும், ஆனா கார் ஓட்டறப்போ மடில விழுந்தா ஸ்டியரிங்க விட்டுடுவோமே, அதுதான் அதுல ஆபத்து. வைட் டெயில்ங்கிற இன்னொரு எட்டுக்கால் பூச்சி கடிச்சா சதை அழுகும்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, 130 கடிய கூடவே இருந்து கவனிச்சு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒருத்தருக்குக் கூட அழுகல. ஆறாத புண் இருந்தா பூச்சி மேல பழி போட்டுட்டு சும்மா இருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

இங்கிலீஷ் வராத அப்பா அம்மாவ வீட்டுல தனியா விட்டுட்டு வேலைக்கு போறவங்க, 000ல முதல்ல "ஆம்புலன்ஸ்"னும், லைன் கிடைச்சதும் "தமிழ்"னும் சொல்ல அவங்கள பழக்கி விடுங்க, போன வைக்காம இருந்தா, மொழிபெயர்க்கிறவங்கள லைன்ல சேர்த்துடுவாங்க. பேண்டேஜ் 10 சென்டிமீட்டராவது அகலமா வாங்குங்க, ஒரு பெரியவங்க காலுக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டு மூணு வேணும், நான் வீட்டுல மூணும் கார்ல மூணும் வச்சிருக்கேன்.