வூர்ஸ்பர்க் ஆயர் மாளிகை: தூணில்லாத கூரையின் கீழே

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து ரெசிடென்ஸ் மாளிகைக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம் ஆகும். 1720இல் இதைக் கட்டத் தொடங்கிய ஷோன்போர்ன், மறைமாவட்டத்தோடு நாட்டையும் ஆண்ட ஆயர். அதனால் ஆயர் இல்லம் என்று நினைத்து வருபவருக்கு அரசவைதான் கண்ணில் படும். ஆலயமோ தெற்குப் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. வெளிச்சுவரில் அதே ஜன்னல் வரிசைதான் ஓடுகிறது, கோபுரம் கிடையாது.

முன்கூடம் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். குதிரை வண்டிகள் உள்ளேயே வந்து திரும்ப வேண்டுமே! இடப்பக்கம் படிக்கட்டு. கட்டடக் கலைஞர் பல்தாசார் நொய்மன் படிகளைத் தாழ்வாக வைத்திருக்கிறார், மெதுவாகவே ஏறுங்கள். நடுவில் ஒரே வரிசையாக ஏறும் படிகள், பாதியில் இரண்டாகப் பிரிந்து எதிர்த்திசையில் திரும்புகின்றன. ஏறும்போது மேலே கூரை ஓவியத்தில் முதலில் எதிரே தெரிவது அமெரிக்கக் கண்டம், திரும்பியதும் ஐரோப்பா.

1752–53இல் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ இந்த ஃப்ரெஸ்கோவை, அதாவது ஈரச் சுதைமேல் வரையும் ஓவியத்தை, தீட்டினார். அன்று அறிந்திருந்த நான்கு கண்டங்களும் கூரையின் நான்கு ஓரங்களில் இருக்கின்றன. பலர் கீழ்ப்படியில் நின்றே அண்ணாந்து படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். நடப்பவருக்காக வரைந்த ஓவியத்தை அப்படிப் பார்த்து என்ன பயன்? மேல்மாடத்துக்குப் போய், தலைக்கு நேர்மேலே உள்ளதை விட்டுவிட்டு எதிர்ப்பக்க ஓரத்தைப் பாருங்கள். உருவங்கள் நிமிர்ந்து நிற்கும், கழுத்தும் பிழைக்கும். ஐரோப்பாவின் அடியில் பீரங்கியோடு சீருடையில் சாய்ந்திருப்பவர் நொய்மனேதான். அவர் பீரங்கிப் படை அதிகாரியும்கூட.

கூரை ஏறத்தாழ 19 மீட்டர் அகலம், 32 மீட்டர் நீளம். இடையில் ஒரு தூண்கூட இல்லை. துளைகள் நிறைந்த, எடை குறைந்த கல்லால் வளைத்த கவிமாடம் அது. 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் மேலிருந்த மரக்கூரை முழுவதும் எரிந்து விழுந்தபோதும் கவிமாடம் தாங்கியது. மரத்தளம் போட்ட பக்கப் பகுதிகள் உள்ளே வெந்து போயின. அதற்குப் பிறகு பயம் மழைதான்: மேலே மறைப்பு இல்லாவிட்டால் கல் வழியே நீர் இறங்கும், சுதை ஊறும், ஓவியம் பொருக்குப் பொருக்காக உதிரும். ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி மரம் தேடிப் பிடித்துத் தற்காலிகக் கூரை போட வைத்தார்.

அடுத்த வெள்ளைக் கூடத்தில் போஸ்ஸி என்ற கலைஞரின் சுதை வேலை மட்டும்தான், நிறமே இல்லை. இந்தப் பக்கம் தியெப்போலோ, அந்தப் பக்கம் பேரரசர் மண்டபத்தில் மறுபடியும் தியெப்போலோ. இடையில் கண் இளைப்பாற இடம் விட்டிருக்கிறார்கள்.

கண்ணாடி அறை பழையதல்ல. அசல் 1945இல் போய்விட்டது. பழைய நீர்வண்ணப் படம், புகைப்படங்கள், மிஞ்சிய ஒரு கண்ணாடித் துண்டு ஆகியவற்றை வைத்து 1979–87இல் மீண்டும் செய்தார்கள். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்த வேலை அது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் 10 மணிக்குத் திறந்து 4.30க்கே மூடிவிடுவார்கள்.