கிணற்றுச் சுவர்ச் செடிக்கு 180 ரூபாய்

மெய்டன்ஹேர் ஃபெர்னை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் சாகடித்தவள் நான். நர்சரியில் 180 ரூபாய். கறுப்புக் கம்பி மாதிரி காம்பு, அதில் கொத்தமல்லித் தழை போல மெல்லிய இலைகள். பத்தே நாளில் அப்பளமாக நொறுங்கிவிடும்.

"காலை வெயில் தாங்கும்மா" என்று கொடுத்தவர் சொன்னதை நம்பி, முதல் செடியைச் சித்திரையில் கிழக்கு பால்கனியில் வைத்தேன். பிறகு சொல்ல என்ன இருக்கிறது. இரண்டாவது ஏசி அறையில் காய்ந்தது. மூன்றாவதற்குத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி வேரை அழுகவைத்தேன்.

போன வருஷம் தென்காசிப் பக்கம் ஊருக்குப் போனபோது ஆச்சி வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தால், உள்சுவர் முழுக்க அதே செடி! விலையைச் சொன்னதும் ஆச்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கிறுக்குப் பிள்ள, தூர் வாரும்போதெல்லாம் சுரண்டி எறியறதுல்லா அது."

ரொம்ப நேரம் கிணற்றடியிலேயே நின்றேன். வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது, வெயில் இறங்கவில்லை. காற்று வீசவில்லை, கீழே தண்ணீர் கிடப்பதால் ஈரம் மட்டும் இருக்கிறது. வேர் பிடித்திருப்பது உதிர்ந்த சுண்ணாம்புக் காரையில். அதில் ஈரம் நிற்கும், தண்ணீர் தேங்காது. வாளி தளும்பி இலைமேல் விழுந்த தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இதன் தாவரப் பெயரான அடியான்டம் என்பதற்கு கிரேக்கத்தில் 'நனையாதது' என்றே பொருள்.

காரையோடு ஒரு கொத்தைப் பெயர்த்துச் சென்னைக்கு எடுத்துவந்தேன். மண்சட்டியில் இலைமக்கு, கரித்துண்டு, தேங்காய் நார், கூடவே அந்தக் காரைத் தூள். இடம், குளியலறையின் மங்கல் கண்ணாடி ஜன்னல். எங்கள் போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகிவிடும். அதனால் ஏசி குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறேன். இரண்டாவது செடியைக் காயவைத்த அதே ஏசிதான், அறையிலிருந்து பிடுங்கிய ஈரத்தை இப்போது இதற்குத் திருப்பித் தருகிறது.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் வெளியூர். திரும்பி வந்தால் சட்டியில் வெறும் சருகு. சரி, போனது போகட்டும் என்று கத்தரிக்கோலால் மண்ணோடு மண்ணாக எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் குட்டிக் கொசுவர்த்திச் சுருள்களாகத் தளிர் எழுந்தது. இப்படி மொட்டையடிக்கலாம் என்று தெரிந்திருந்தால் பழைய சட்டிகளில் ஒன்றிரண்டையாவது குப்பையில் போட்டிருக்க மாட்டேன்.

இப்போது இலையடியில், மடிந்த ஓரங்களில் பழுப்பாக வித்துத்தூள் கட்டியிருக்கிறது. வேலைக்கு வரும் அக்கா பூச்சி என்று நினைத்து இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டார். அதற்குள் தூள் பறந்திருக்க வேண்டும்; ஜன்னலுக்குக் கீழே டைல்ஸ் இடுக்கில் நகக்கண் அளவு பச்சையாக ஒன்று முளைத்திருக்கிறது. வீட்டு ஓனர் பார்த்தால் ஆச்சி மாதிரியே சுரண்டச் சொல்வார். வாளியை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறேன்.