கச்சான் காற்றில் இரும்பு வெட்டுவது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். பின்வளவுத் தகரக் கொட்டில்தான் என் பட்டறை. கிழமை நாளில் கந்தோர், சனி ஞாயிறில் கேற், யன்னல் கிறில், வள்ளக்காரருக்கு எஞ்சின் ஸ்டாண்ட். ஆறு வருடமாக இரும்பு வெட்டியது 14 அங்குல கட் ஓஃப் மெஷினில்.

போன ஆனியில் கச்சான், அதுதான் தென்மேல் காற்று, பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அன்று பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்பு) நாற்பது துண்டு வெட்டினேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் மகளின் வெள்ளைப் பாடசாலைச் சட்டையை நீட்டினா.

"தம்பி, இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

தோள்பக்கம் முழுக்கக் குண்டூசி முனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. துணி எடுத்துப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். அக்கா ஒரு சொல்லும் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கட் ஓஃப் மெஷினின் வட்டு இரும்பை அறுப்பதில்லை, தேய்த்துத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3800 சுற்று அளவில் ஓடும். பறக்கும் பொறி எல்லாம் நுண்ணிய இரும்புத்தூள். அந்தத் தூள் எங்கே விழுந்தாலும் கறள் பிடிக்கும், எங்கள் உப்புக் காற்றில் அதற்கு ஒரு இரவே போதும். முன்வாசல் மாபிளில் வந்த கறையை இவ்வளவு நாளும் தண்ணீரின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

சரி, வேறு என்ன வாங்கலாம்? கிண்ணியாவில் ஒரு சிநேகிதரிடம் கோல்ட் கட் வாள் இருக்கிறது. பார்க்கக் கட் ஓஃப் மெஷின் மாதிரியேதான், ஆனால் காபைட் பல் வைத்த இரும்பு வட்டு, சுற்று 1300 அளவுதான். நான்கு அங்குல ஆங்கிளை (L வடிவ இரும்பை) சில விநாடியில் வெட்டிவிட்டு, வெட்டிய முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெறும் இளஞ்சூடு, பிசிறும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஆனால் சத்தம் காதைத் துளைத்தது. வட்டும் விலை கூட, வெட்டும்போது துண்டு கொஞ்சம் அசைந்தால் பல் தெறித்துவிடும். இந்த வட்டைக் கட் ஓஃப் மெஷினில் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வேகத்துக்கு அது செய்யப்படவில்லை, பல் பறந்தால் சன்னம் மாதிரி வரும்.

கடைசியில் நான் எடுத்தது படுக்கையாக வெட்டும் சின்ன பான்ட்சோ. இரண்டு சில்லைச் சுற்றி ஓடும் அரை அங்குல அகலப் பட்டிவாள், நீளம் 64½ அங்குலம். மோட்டர் அரைக் குதிரை வலு, கப்பியில் பெல்டை மாற்றினால் மூன்று வேகம். துண்டைப் பூட்டிவிட்டால் தன் பாரத்தில் தானே இறங்கி வெட்டும், முடிந்ததும் சுவிட்சைத் தட்டித் தானே நிற்கும். இரண்டு அங்குல பொக்ஸ் பாருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்தான். அந்த நேரத்தில் அடுத்ததற்கு அளவு போட்டுவிடுவேன். சத்தம் தையல் மெஷினை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விழுவது துருவிய தேங்காய்ப்பூ மாதிரிச் சுருள், தட்டிலேயே கிடக்கும். முந்திய மெஷினைப் போட்டால் குசினி லைட் மங்கும். இப்போது அதுவும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்த உடனே நேராக வெட்டும் என்று மட்டும் நம்ப வேண்டாம். என்னுடையது முதல் வெட்டில் இரண்டு அங்குலத்துக்கு 2 மில்லிமீற்றர் சரிந்தது. பட்டியை இரண்டு பக்கமும் பிடிக்கும் பெயாரிங்குகளில் ஒன்று, போல்டைத் திருப்பினால் மயிரிழை அளவு முன்பின் நகரும். மூலைமட்டத்தைப் பட்டியோடு சேர்த்து வைத்து, பின்னால் டோர்ச் அடித்து, இடுக்கில் வெளிச்சம் தெரியாத வரைக்கும் திருப்பினேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இப்போது வெட்டிய துண்டை நிமிர்த்தி வைத்தால் ஆடாமல் நிற்கிறது.

பல்லின் எண்ணிக்கையில் நான் பட்டது: இரும்பின் தடிப்புக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 14 பல் என்றால் 6 மில்லிமீற்றர் ஆங்கிளுக்குத் திறம். அதே பட்டியால் 1.5 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரை வெட்டப் போய், பல் மாட்டி வரிசையாக உதிர்ந்துவிட்டது. மெல்லியதற்கு 24 பல்; அதிலும் மூன்று பல் வராது, அதனால் கை கொடுத்து மெதுவாக இறக்க வேண்டும். கடற்கரைக்காரர் கேட்கும் ஸ்டெயின்லெஸுக்கு ஆகக் குறைந்த வேகம், ஆனால் அழுத்தம் குறையக்கூடாது. பல் வெறுமனே உரசினால் அந்த இடம் இறுகி, பிறகு எதுவும் இறங்காது.

கையில் பிடித்து வெட்டும் கிரைண்டரை விட்டுவிடவில்லை, மூலை முடுக்குக்கு அது வேண்டும். வட்டின் நடு வளையத்தில் காலாவதித் திகதி அடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஈரம் குடித்த வட்டு உடையும்.

வேலை முடிந்ததும் பட்டியைத் தளர்த்தி, துண்டைப் பூட்டும் பிடிக்கு எண்ணெய் பூசி, பழைய சாரத்தால் மூடிவிடுவேன். வாடைக் காற்று தொடங்கினால் எண்ணெய் பூசுவது கிழமைக்கு இருமுறை.