கள்ளிமுளையான்
இலங்கையின் வன்னிப் பகுதியில் பாறைத் திட்டுகளின் வெடிப்பில், முட்பற்றை நிழலோடு ஒட்டி நிற்கும் நாலு மூலைத் தண்டுச் செடி. இலை, முள் கிடையாது, பச்சைத் தண்டே இலையின் வேலையையும் செய்யும். சதுரக்கள்ளிக் குட்டி என்று நினைத்துப் பலர் பிடுங்கி எறிகிறார்கள். வித்தியாசம் சுலபம்: கள்ளியை வெட்டினால் வெள்ளைப் பால் வடியும், இதில் தெளிந்த நீர்தான். கள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம்.

பூவைக் கிட்டப் பாருங்கள். தண்டு நுனியில் கருஞ்சிவப்புப் பூக்கள் பந்தாகத் திரண்டிருக்கும். அழுகின இறைச்சி மணம். அந்த மணத்துக்கு வருகிற ஈக்களின் காலிலோ வாயிலோ மகரந்தப் பொதி ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

வளர்க்க ஆசையென்றால் வேரோடு கிளப்பாதீர்கள், பாறை வெடிப்பில் வேர் அறுந்துவிடும். விரல் நீளத் தண்டு ஒன்று போதும். வெட்டுவாய் காய ஒரு கிழமை நிழலில் வையுங்கள். ஈரக் காயத்தோடு நட்டால் அடியிலிருந்து அழுகும். சாடிக்குப் பாதி பருமணலும் சிறு சல்லியும், மீதி செம்மண், ஒரு பிடி இலைக்குப்பை. அடியில் துவாரம் கட்டாயம். தண்டை நட ஒரு அங்குல ஆழம் போதும். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர்.

மாரியில்தான் கூடுதலாகச் சாகும். ஐப்பசி தொடங்க முதலே சாடியைத் தாவாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தண்டு மெத்தென்று கறுத்தால் மேலே நல்ல பச்சைப் பகுதியை வெட்டிக் காயவைத்துத் திரும்ப நடலாம்.