அப்பாவின் ஃபிளாப்பி டப்பா

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃபிளாப்பிகள், அதாவது கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் பழைய காந்த வட்டுகள், கிடைத்தன. மொத்தம் 18. பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கணினியில் அச்சுக்கோத்துத் தரும் டிடிபி சென்டரை அப்பா வைத்திருந்த காலத்துச் சரக்கு. "தூக்கிப் போடும்மா, இதைப் போட இப்ப எங்க மெஷின் இருக்கு?" என்றார்.

வீட்டு, அலுவலகக் கணினிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். 1998இல் வந்த ஐமேக்கிலேயே ஆப்பிள் ஃபிளாப்பி டிரைவை வைக்கவில்லை. 2011இல் சோனியும் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஒரு ஃபிளாப்பியின் 1.44 எம்பியில் என் ஃபோன் எடுக்கும் ஒரு படம்கூட அடங்காது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட மனசு வரவில்லை.

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். ஃபிளாப்பியின் மூலையில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வைத்தால் எதுவும் அழியாது. அதை முதலில் எல்லாவற்றுக்கும் செய்தேன். முதல் டிஸ்க் கர்ரென்று சுற்றி ஒழுங்காகத் திறந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவதைச் சரியாகப் பார்க்காமல் போட்டுவிட்டேன். அதில் பூஞ்சை. அப்புறம் நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் "ஃபார்மேட் செய்யவா?" என்றே கேட்டது. பூஞ்சை டிரைவின் ஹெட்டில், அதாவது வட்டைப் படிக்கும் முனையில், அப்பிக்கொண்டிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தபின்தான் வழிக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் மூடியிருக்கும் தகட்டைத் தள்ளி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன்.

மக்கர் செய்தவற்றுக்கு லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள். படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, மோசமான செக்டர்களை (வட்டின் சிறு பகுதிகளை) பிறகு விடாமல் தட்டிப் பார்க்கும். ஒரு டிஸ்க்குக்கு ஓர் இரவே ஆனது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் இரண்டும் இந்த டிரைவில் நுழையாது. மீதி 16இல் 11 முழுதாகவும் 3 அரைகுறையாகவும் வந்தன. 2 போயே போய்விட்டன.

ஃபிளாப்பியோடு தலைவலி முடியும் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். லிப்ரே ஆபீஸ் திறந்தது, ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்! பாமினி என்ற அந்த ஃபான்டில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் அப்படியேதான் தெரியும். நல்லவேளை, பாமினிக்கு யூனிகோடு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. காந்தத்தில் இருந்த எழுத்து இத்தனை வருடம் தாங்கிவிட்டது. படிக்க விடாமல் செய்தது ஃபான்ட்தான்.

முதலில் மாறி வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இவங்க இன்னும் பாதிக் காசு தரலம்மா."