கதவடிப் பைப்புக்கு எத்தனை மி.மீ.?

தோட்டத்து ரோட்டில் ஜீப்பின் கதவடி நசுங்குவது பெரும்பாலும் பாறையில் மோதி அல்ல. மழை அரித்த கல்பாவிய ஏற்றத்தில் ஒரு பக்கச் சில்லு கானுக்குள் இறங்கும். வண்டியின் பாதிப் பாரம் அப்படியே கதவடித் தகட்டில் உட்காரும். அந்தத் தகடோ ஒரு மி.மீ. அளவுதான். அதைக் காக்க ரொக் ஸ்லைடர், அதாவது கதவடியோரம் ஓடும் இரும்புப் பைப் சட்டம், அடிக்கப் போனால் வெல்டிங் கடையில் முதல் கேள்வியே "எத்தனை மி.மீ. தடிப்புப் போடுவோம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்கவேண்டியவை இரண்டு: பைப்பின் விட்டம் என்ன, அதைச் செசியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் கால்கள் எத்தனை?

மலையகத்து ஹார்ட்வெயாரில் எளிதாகக் கிடைப்பது தண்ணீர்ப் பைப். பழைய பிரித்தானிய அளவுப்படி நீலப் பட்டி நடுத்தரம், சிவப்புப் பட்டி கனம். ஒன்றரை இஞ்சியின் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; நீலம் 3.2 மி.மீ. தடிப்பு, மீற்றருக்கு 3.56 கிலோ, சிவப்பு 4 மி.மீ., 4.37 கிலோ. இரண்டு இஞ்சி நீலம் 60.3 மி.மீ. விட்டம், 3.6 மி.மீ. தடிப்பு, 5.03 கிலோ.

ஒன்றரை இஞ்சியில் நீலத்தை விட்டுச் சிவப்புக்குப் போனால் எடை 23 வீதம் கூடுகிறது, வளைவைத் தாங்கும் பலம் 19 வீதம்தான் கூடுகிறது. அதே சிவப்பிலிருந்து இரண்டு இஞ்சி நீலத்துக்குப் போனால் எடை 15 வீதம், பலமோ 50 வீதம். தடிப்பு குறைந்தும் பலம் கூடுகிறது, விட்டத்தின் வேலை அது. நட்டம் இரண்டு: தரைக்கும் வண்டிக்கும் இடையில் 12 மி.மீ. போகும், கூரான கருங்கல் ஓரிடத்தில் குத்தினால் 3.6 மி.மீ. சுவர் 4 மி.மீ. சுவரைவிடச் சற்று எளிதாகக் குழியும். குழிந்த பைப் கதவைத் தொடாது. வளைந்த பைப் தொடும்.

பட்டியின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். தடிப்பு அளக்கும் வேர்னியர் இல்லாவிட்டால் முழுப் பைப்பையும் தராசில் போடுங்கள். ஒன்றரை இஞ்சிச் சிவப்பு 6 மீற்றர் 26 கிலோ இருக்கவேண்டும். 21 கிலோதான் என்றால் அது நீலத்தின் எடை.

இனிக் கால்கள். டிஃபெண்டர் 110 போன்ற இரண்டு தொன் வண்டியில் பாதி எடை, அதாவது ஒரு தொன், இரண்டு கால்களுக்கு நட்டநடுவில் குத்துவதாக வைத்துக்கொள்வோம். மூன்று கால், இடைவெளி 700 மி.மீ. என்றால் ஒன்றரை இஞ்சிச் சிவப்பில் தகைப்பு, அதாவது இரும்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யும் சுமக்கும் விசை, 300 நியூட்டனைத் தாண்டும். இந்த இரும்பு 200க்குக் கிட்டவே வளையத் தொடங்கலாம். நாலாவது கால் போட்டு இடைவெளியை 467 ஆக்கினால் 205க்கு இறங்கும். இரண்டு இஞ்சி நீலத்தில் 136. வண்டி தொப்பென்று விழுந்தால் பாரம் இன்னும் கூடும் என்பதால் அந்த மிச்சம் தேவை. கூடுதல் கால்களுக்கு, செசியில் ஒட்டும் தகடும் சேர்த்து, இரு பக்கமும் 4 கிலோதான் செலவு. 1,100 கிலோ எடையுள்ள சின்ன ஜீப்பான ஜிம்னிக்கு ஒன்றரை இஞ்சி நீலமும் 500 மி.மீ. இடைவெளியில் மூன்று காலும் போதும். அதற்குச் சிவப்புப் போடுவது வீண்பாரம்.

பக்கத்துக்கு 1.7 மீற்றர் உள்பைப், 1.4 மீற்றர் வெளிப்பைப், 30 சென்ரிமீற்றரில் நாலு கால் என்றால் இரு பக்கமும் 8.6 மீற்றர் ஓடும். செசித் தகடுகளோடு ஒன்றரை இஞ்சி நீலம் 36 கிலோ, சிவப்பு 43, இரண்டு இஞ்சி நீலம் 49. கடைசியது கிட்டத்தட்ட ஒரு சீமெந்து மூட்டை. இவ்வளவு கணக்குப் பார்த்துவிட்டு, கால்மிதிக்கென்று இரு பைப்புகளின் இடைவெளியை 3 மி.மீ. தகட்டால் மூடுபவர்கள் உண்டு. 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கே அது 6.6 கிலோ. நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட முழுவதும் அதில் போய்விடும், மேலே சேறும் தேங்கும்.

ஸ்லைடர் எவ்வளவு தடித்தாலும் அதைத் தாங்குவது 2, 3 மி.மீ. செசிச் சுவர். காலை நேரே அதில் ஒட்டினால் முதல் அடியிலேயே செசி உள்வாங்கும், இல்லாவிட்டால் வெல்டிங் ஓரத்தில் கிழியும். 150க்கு 100 மி.மீ. அளவில் 6 மி.மீ. தடித்த தகடு இடையில் வேண்டும். அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டுங்கள். செசிக்குக் குறுக்கே செங்குத்தாக ஓடும் வெல்டிங் கோட்டில்தான் வெடிப்பு பிறக்கும். செசியின் மேல், கீழ் விளிம்புகளிலிருந்து 15 மி.மீ. தள்ளியே ஒட்டவேண்டும். செசியின் மறுபக்கம் பிரேக் குழாயோ டீசல் குழாயோ ஓடுகிறதா என்று பார்த்து, பெற்றரி வயரைக் கழற்றிய பிறகே வெல்டிங் தொடங்கலாம். கால்கள் வெளிநோக்கி 10 பாகை மேலேறட்டும். பைப்புக்கும் கதவடிக்கும் இடையில் 25 மி.மீ. விடுங்கள்.

பைப்பிலுள்ள நாகப் (துத்தநாகப்) பூச்சை ஒட்டுமிடத்தைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் வரை கிரைண்டரால் எடுக்காவிட்டால் வெல்டிங் துளை துளையாக வரும். அந்தப் புகை வெல்டிங் பாஸுக்கு இரவில் காய்ச்சல் கொடுக்கும். முனைகளை மூடி, பைப்பின் அடியில் 8 மி.மீ. வடிகால் துளை இரண்டு போடவேண்டும். வெல்டிங் சூட்டில் செசியின் உட்பக்கப் பெயின்ற் கருகியிருக்கும். அங்கே மெழுகுப் பூச்சு அடிக்காமல் விட்டால், வைகாசி முதல் புரட்டாதி வரை மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் பெய்கிற மழைக்கு ஸ்லைடருக்கு முன்பே செசி துருப்பிடிக்கும்.